தைக்கக் கூடாத கிழிசல்

தன் சட்டைக் கை முழங்கைவரை கிழிந்து தொங்க, ஊரார் துணியையெல்லாம் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரியைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? “ஊருக்குத்தான் உன் ஊசியா, உனக்கு இல்லையா?” என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. அவள் குனிந்த தலை நிமிராமல் நூலைக் கடித்துத் துப்புவாள், அவ்வளவுதான். இத்தனைக்கும் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் அவளுக்கு. அந்த வாய்க்காகவே சின்ன வயதில் ஊசி என்று பெயர் வைத்தார்கள். தொழில் பிறகுதான் வந்து பெயரோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவள் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் தைத்துக்கொண்டாள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்?

பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது அவள் கடை. கடை என்று சொல்வதே பெரிய வார்த்தை. இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, துணி மாட்ட ஒரு கம்பி. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் ஒருத்தர் வெளியே போய் நிற்க வேண்டும். புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது, கிழிசல் அடைப்பது. மெஷின் வேலையெல்லாம் கூட உட்காரும் அவள் அக்காவுக்கு. கிழிசல் மட்டும் ஊசிக்கு. துணியின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவி, கிழிந்த இடத்தில் நெடுக்கே ஓட்டி, குறுக்கே கோத்து, இழை இழையாக நெய்துவிடுவாள். முடித்த பிறகு கிழிசல் எங்கே இருந்தது என்று அவளே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கெட்டிக்காரத்தனம் அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கையால் அடைத்த துணியை எடுத்துப் போட்டுக்கொண்டால், அது கிழிந்த நேரம் போட்டவருக்கு மறந்துபோகும். நம்ப மாட்டீர்கள், அவளும் முதலில் நம்பவில்லை. எதிர்க்கடைச் சாவிக்காரர் தெருமுனைப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து பேன்ட் முட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அடைத்துக் கொடுத்தாள். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வந்தவரிடம் காயம் எப்படி என்று கேட்டால், “எந்தக் காயம்? நான் எங்க விழுந்தேன்?” என்றார் மனுஷன். அன்று சாயங்காலமே அதே பள்ளத்தில், அதே முட்டியில் விழுந்து எழுந்து வந்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊசியும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பிற்பாடு நினைத்து நினைத்துக் குமைந்தாள்.

மேல்மாடி அலுவலகத்துப் பெண் ஒருத்தியின் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. சண்டையில் புருஷன் பிடித்து இழுத்துக் கிழிந்த சட்டை அது. ஊசி தெரியாமல் அடைத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, அவனோடு கைகோத்துப் போனதைக் கடை வாசலிலிருந்து பார்த்தாள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். யார் என்ன கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, “எப்படிக் கிழிஞ்சது?” ஆணி, கதவு, முள்கம்பி என்றால் வாங்கித் தன் மடியில் போட்டுக்கொள்வாள். மனுஷக் கை பட்டுக் கிழிந்தது என்றால் அக்காவிடம் தள்ளிவிடுவாள். மெஷின் தையலுக்கு அந்த மாயமெல்லாம் கிடையாது. தழும்பு மாதிரி கோடு தெரியும், நினைப்பும் இருக்கும். வந்தவர்கள் இதை வம்பு பேசும் ஆசை என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும். விஷயம் தெரிந்தது அக்காவுக்கு மட்டும்தான்.

லிஃப்ட்காரன் வந்தது இப்படி இருக்கும்போதுதான்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நெட்டையான ஆள், கையெல்லாம் கிரீஸ், பேச்சு எண்ணி எண்ணி. போட்டிருந்த வேலைக் கோட்டின் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்து, ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தது. ஒரு தையல்காரியின் கடைக்கு எதிரில் நின்றுகொண்டு ஒருவன் கிழிசலுக்கு ஊக்கு போட்டிருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? கழற்றிக் கொடுங்கள், கூலி கூட வேண்டாம், கண் உறுத்துகிறது என்றாள். அவன் அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான்.

“எதை வேணாலும் தைங்க. இதை மட்டும் தைக்காதீங்க.”

கோபமே இல்லாமல்தான் சொன்னான். ஆனால் ஊசிக்குப் பதில் வரவில்லை. தங்கைக்குப் பதில் வராத நாளை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. மெஷினை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அந்த லிஃப்டுக்கு என்ன வந்ததோ, மாதத்துக்கு ஒரு முறை நின்றது வாரத்துக்கு ஒரு முறை நிற்க ஆரம்பித்தது. ஏதோ ஒரு திருகை அவனே தளர்த்திவிட்டுப் போகிறான் என்று அக்கா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். மதியச் சாப்பாட்டைக் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து, கடை வாசலில்தான் சாப்பிடுவான். அவள் பேசுவாள், அவன் சிரிப்பான். ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் போதவில்லை என்று அவள் ஒரு நாள் அலுத்துக்கொண்டதைக் கேட்டவன், கழற்றிப் போட்ட பழைய லிஃப்டிலிருந்து மேலே போகும் அம்புக்குறி போட்ட விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மெஷினுக்கு மேலே மாட்டிவிட்டான். அழுத்தினால் அம்பு பளிச்சென்று எரியும். பூவும் தங்கமும் கொடுத்து மயக்குகிறவர்கள் உண்டு. இவள் ஒரு அம்புக்குறிக்கு விழுந்தாள். பதிலுக்கு அவன் பேன்ட் முட்டிகளுக்கு உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தாள், மண்டியிட்டு வேலை செய்கிறவன் ஆயிற்றே.

லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் அவன் ஒன்று செய்வான். இடுப்புப் பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டி, வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். ‘டக், டக்’ என்று அந்தச் சத்தம் சுவர் வழியாகக் கடைக்குள் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அடுத்த இழை ஓடும்.

ஒரு மழை நாள். கரண்ட் இல்லை, கடையில் ஆளும் இல்லை. அக்கா நூல் வாங்கப் போயிருந்தாள். அன்றைக்கு அவனாகவே சொன்னான். தம்பியும் அதே வேலையில் இருந்தவன். இவன்தான் கைப்பிடித்துச் சேர்த்துவிட்டான். ஒரு நாள் உச்சிமாடி லிஃப்ட் கதவைத் திறந்து ஏதோ சின்ன ரிப்பேர். தம்பி பெல்ட்டைத் தேடியிருக்கிறான். “ரெண்டு நிமிஷ வேலைடா, அதுக்கு எதுக்கு பெல்ட்டு” என்று சொன்னது இவன் வாய்தான். தம்பிக்கு வழுக்கியது. விழுகிற வேகத்தில் அண்ணனின் கோட்டுக் கையைப் பிடித்தான். துணி எவ்வளவு நேரம் தாங்கும்? கிழிந்துகொண்டே போய், விட்டுவிட்டது.

“இன்னும் பிடிச்சிட்டுத்தான் இருக்கான்” என்றான், இடது கையைக் காட்டி.

ஊசி அந்தக் கையைத் தொடப் போனாள். அவன் மெல்ல இழுத்துக்கொண்டான். காதல் முற்றிய பிறகும் அப்படித்தான். வலது கையால் அவள் தோளைத் தொடுவான், தலையைக் கோதுவான். இடது கையைத் தரமாட்டான். கல்யாணப் பேச்சை அக்கா நேரடியாகவே எடுத்தாள். இப்போது வேண்டாம் அக்கா என்றான். எப்போது என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தான். தம்பிக்குக் கிடைக்காத எதையும் தான் எடுத்துக்கொள்வது அவனுக்குத் திருட்டு மாதிரி இருந்தது. பிடிவாதமா என்றால் பிடிவாதம்தான். ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் திட்ட மனசு வராது.

பிறகு ஒரு நாள் அவன் அம்மா கடைக்கு வந்தாள். வேலை முடித்து வந்து அவன் அசந்து தூங்குகிறான், தோய்த்துப் போடுவதாகச் சொல்லிக் கோட்டை எடுத்து வந்தேன் என்று பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஊக்குகளைக் கழற்றிவிட்டிருந்தாள். ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு பிள்ளையைக் குழியில குடுத்தேன். இன்னொருத்தன் இருந்தும் இல்லாம இருக்கான். இந்தக் கிழிசலைப் பார்க்கப் பார்க்க வயிறு பத்திக்கிட்டு எரியுதும்மா. தைச்சுக் குடுத்துடு.”

பாவம், அவளுக்கு மாயமும் தெரியாது, மந்திரமும் தெரியாது. கண்ணெதிரில் தொங்குகிற துணி தொங்காமல் இருந்தால் போதும் என்று கேட்டாள். தெரிந்தவள் ஊசிதான். ‘எப்படிக் கிழிஞ்சது?’ என்று கேட்கவே தேவையில்லாத ஒரே துணி அது. மனுஷக் கை பட்டுக் கிழிந்ததை அக்காவிடம் தள்ள வேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அக்கா கையை நீட்டினாள்: கொடு, நான் மெஷினில் அடிக்கிறேன், கோடு தெரிந்தால் தெரியட்டும், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் கையை வைக்காதே என்றாள்.

ஊசி கொடுக்கவில்லை. அவனுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. அவன் ராத்திரிகளில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று அவள் நிஜமாகவே ஏங்கினாள். ஆனால் அந்த இடது கை தனக்கு வேண்டும் என்றும் ஏங்கினாள். செத்தவனோடு யார் சண்டை போட முடியும்? அந்தச் சண்டையில் அவளுக்கு ஒரே ஒரு ஆயுதம் இருந்தது, எடுத்துவிட்டாள். அம்புக்குறி விளக்கைப் போட்டுக்கொண்டு, உள்மடிப்பிலிருந்து நூல் உருவி, அம்மா காத்திருக்கக் காத்திருக்க நெய்து முடித்தாள். அவள் வாழ்நாளில் அத்தனை சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

மறுநாள் அந்தக் கோட்டோடு அவன் சீட்டியடித்துக்கொண்டு வந்தான். சீட்டி! அக்கா மெஷினில் விரலைக் கொடுத்துக்கொள்ளப் பார்த்தாள். வந்தவன் இடது கையை நீட்டி ஊசியின் கையைப் பிடித்தான், அப்படியே வைத்துக்கொண்டான். சூடான கை, உள்ளங்கையில் காய்ப்பு. அம்மா கோட்டில் ஏதோ தைக்கக் கொடுத்தாளாமே, என்ன கிழிந்திருந்தது என்று வேடிக்கையாகக் கேட்டான். அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள். அந்த வாரமே கல்யாணத்துக்கு நாள் பார்த்துவிடலாம் என்றான். வாடகைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான்; மாடி வீடு, லிஃப்ட் கிடையாது, வீட்டிலாவது படி ஏறலாம் என்று சிரித்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு தடவை, மனசு கேட்காமல், தம்பியைப் பற்றி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். “ஆமா, வேலை செய்யறப்ப தவறிட்டான். நல்ல பையன்” என்றான், எங்கேயோ யார் வீட்டுக்கோ நடந்ததைச் சொல்வது போல. சொல்லிவிட்டு மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். அவளுக்கு நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்றது. சந்தோஷத்தில் இருக்கிறவர்களுக்குச் சுருக்கென்பதெல்லாம் உறைக்குமா? தள்ளிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில்தான் எதையோ காணோமே என்று தோன்றியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் குழிக்குள் இறங்கினான், சுத்தியல் சத்தம் கேட்டது, பாட்டு முணுமுணுத்தது கேட்டது, மேலே ஏறி வந்தான். ‘டக், டக்’ கேட்கவில்லை. அக்காவின் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அன்று பகல் முழுக்க ஊசி கையைக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை அவன் வந்தது உச்சிமாடி லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று. கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறப் போனான். பெல்ட் கடை நாற்காலியின் முதுகில் தொங்கியது. பெல்ட்டை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்றாள்.

அவன் திரும்பி, சிரித்த முகமாகச் சொன்னான்: “ரெண்டு நிமிஷ வேலை. அதுக்கு எதுக்கு பெல்ட்டு?”

அவள் பெல்ட்டை எடுத்து நீட்டினாள். அவள் திருப்திக்காகக் கையில் வாங்கி, கொக்கியைச் சுண்டிப் பார்த்தான், திரும்ப நாற்காலியில் மாட்டினான். இன்றைக்கு அழுது அடம்பிடித்து மாட்டிவிடலாம். நாளைக்கு? எத்தனையோ கட்டடம், எத்தனையோ குழி. ஒவ்வொன்றின் வாசலிலும் இவள் போய் நிற்க முடியுமா? அவனைக் கட்டிப் பிடித்திருந்தது அந்தக் கிழிசல்தான். சாவிக்காரரின் முட்டியைப் பார்த்துச் சிரித்தாளே, இப்போது இவனும் அதே பள்ளத்துக்குத்தான் போகிறான். பிரித்தால் நினைவு திரும்பி வருமா, அதுவும் தெரியாது. அவள் தைத்ததை அவளே பிரித்ததில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: திரும்பி வந்தால் அவள் செய்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த வீடு, அந்தக் கல்யாணம், அந்தச் சூடான இடது கை, எல்லாம் போகும்.

“கொஞ்சம் நில்லுங்க” என்றாள். “கையில ஒரு நூல் தொங்குது.”

அவன் நல்ல பிள்ளையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஊரில் இத்தனை தையல்காரிகளில் தன்னை மட்டும் இப்படி ஓயாமல் தைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி கிடைத்தாளே என்று கேலி கூடச் செய்தான். அவள் சின்னக் கத்திரியின் முனையை உள்ளே விட்டு முதல் இழையை வெட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. அவன் பேசிக்கொண்டிருந்தது நின்றது. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கடைசி இழையை இழுத்தபோது அந்தக் கை கல்லாக இறுகியது, விரல்கள் எதையோ பிடிக்கப் போகிறவை போல விரிந்தன. பை தோளிலிருந்து விழுந்தது. அவன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான்.

அழுகை என்று சொன்னால் போதாது. தம்பி அன்றைக்குத்தான், அந்த நிமிஷம்தான் விழுந்தான் அவனுக்கு. அக்கா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள், தள்ளிவிட்டான். ஊசி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையின் மாயம், அம்மா கேட்டது, அம்மாவுக்குத் தெரியாது என்பது, தனக்குத் தெரியும் என்பது. ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்தவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“ஒரு வாரமா நான் என் தம்பி இல்லாம சிரிச்சிட்டு இருந்தேனா?”

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“முதல் தடவை துணி கிழிஞ்சு அவனை விட்டேன். ரெண்டாவது தடவை நீ விட வச்சிட்ட.”

எழுந்தான். கோட்டைக் கழற்றவில்லை, ஊக்குக்காகக் கையை நீட்டினான். அக்கா ஊசிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டான். பிறகு நாற்காலியிலிருந்த பெல்ட்டை இழுத்தான். ஊசி எதையும் யோசிக்காமல் குறுக்கே கை நீட்டினாள், போகாதீங்க என்பதற்கு. சுழன்று வந்த கொக்கி அவள் சட்டைக் கையில் மாட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழித்துக்கொண்டு போனது. அவன் அதைப் பார்த்தான். படி ஏறினான். கொஞ்ச நேரம் கழித்து மேலே எங்கேயோ ‘டக், டக்’ என்று கேட்டது.

அதற்கப்புறம் வேறொரு ஆளைக் கம்பெனி அனுப்பியது. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மா ஒரு நாள் வந்து, நான் கேட்டதால்தானே என்று வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனாள். அக்கா மட்டும் விடவில்லை. அந்தச் சட்டையைக் காட்டி, அடைத்துப் போட்டுக்கொள்ளடி, அவன் முகமும் அவன் சொன்னதும் மறந்து தொலையும், நீயாவது சோறு தண்ணி இறங்குகிற மாதிரி இருப்பாய் என்றாள். அக்கா கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஊசி ஒரு தடவை நூலைக்கூடக் கோத்துவிட்டாள், பொய் சொல்வானேன். கோத்த நூலை அப்படியே உருவிவிட்டு, கிழிந்த கையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறந்துவிட்டால் இன்னொருவன் கோட்டை இன்னொரு அம்மா கொண்டுவரும்போது திரும்பவும் இதையேதான் செய்வாள். அந்தச் சட்டையைத் தோய்ப்பாள், உலர்த்துவாள், கடைக்கு அதையேதான் போட்டுக்கொண்டு வருவாள். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

மழைக்காலம் போய், அடுத்த மழைக்காலமும் வந்த பிறகு, ஒரு மத்தியானம் லிஃப்ட் நின்றது. புது ஆள் விடுப்பாம். பழையவன் வந்தான். இன்னும் மெலிந்திருந்தான், காதோரம் நரை. கோட்டுக் கையில் அதே ஊக்குகள். கடையைத் தாண்டிப் போனவன் நின்றான். அம்புக்குறி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் பார்வை அவள் சட்டைக் கையில் வந்து நின்றது. அக்கா மெஷினை நிறுத்தினாள்.

“அதைத் தைக்கலையா?”

“இல்ல.”

“ஏன்?”

“தைச்சா மறந்துடுமே.”

அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டான் என்பது அவளுக்கும் தெரியும். இடது கை மட்டும் பக்கவாட்டில் ஒரு தடவை அசைந்தது.

“தைக்காத” என்றான்.

லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். ஊசி கையில் இருந்த துணியை மடியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது, இரண்டு தடவை. இத்தனை நாள் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. கிழிந்த கையாலேயே துடைத்துக்கொண்டு, அடுத்த இழையை ஓட்டினாள்.